ஆறு சேனல் ஆடியோ பிளேயரை நாமே செய்வது எப்படி?

5.1 முறையில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி சேனலாக) பதிவான இசையை ஆறு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், அதற்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ரிசீவர் வாங்க மனமில்லை. இப்படித்தான் நான் இதில் இறங்கினேன். இப்போது என் மேசைக்கு அடியில் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. போனிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆறு ஸ்பீக்கரிலும் அதனதன் ஒலி வருகிறது. செய்த முறையை இங்கே எழுதுகிறேன். கார்டில் லினக்ஸ் ஏற்றுவது, டெர்மினலில் கட்டளை கொடுப்பது இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன தேவை

ராஸ்பெரி பை 4 (அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர்), மைக்ரோ எஸ்டி கார்டு, பாட்டுகளுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் அல்லது பென் டிரைவ், 7.1 யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஐந்து பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பவை), ஒரு சப்வூஃபர். 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து வெள்ளை, சிவப்பு என இரண்டு ஆர்சிஏ முனையாகப் பிரியும் ஒயர் மூன்று.

சவுண்ட் கார்டில் சிஎம்6206 சிப் இருந்தால் போதும். லினக்ஸ் அதைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது போகாது. அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

பை 4-இன் தலைமேல் செருகும் டேக் போர்டுகளை (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுபவை) வாங்கிவிடாதீர்கள். அந்த மாடலில் போர்டுக்கு ஒலி போகும் ஐ2எஸ் இணைப்பு வழியாக இரண்டு சேனல்தான் வெளியே வரும். எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் உங்களுக்கு யுஎஸ்பி கார்டே வேண்டாம். எச்டிஎம்ஐ எட்டு சேனல் வரை அப்படியே கொண்டுபோகும்.

மென்பொருள்

ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பைப் போடுங்கள், டெஸ்க்டாப் வேண்டாம். டெஸ்க்டாப்போடு வரும் ஒலி சர்வர் கார்டைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, ஆறு சேனலையும் சத்தமில்லாமல் இரண்டாகச் சுருக்கிவிடக்கூடும். பாட்டு ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, கேட்பது மட்டும் வெறும் ஸ்டீரியோவாக இருக்கும்.

பிளேயருக்கு எம்பிடி, பின்னணியில் ஓடிப் பாட்டை இசைக்கும் மென்பொருள். வேறு சிலவற்றையும் போட்டுப் பார்த்தேன், கடைசியில் இதற்கே திரும்பினேன். திரை வேண்டாம், மவுஸ் வேண்டாம், போனில் ஒரு ஆப் இருந்தால் போதும். நிறுவியதும் டெர்மினலில் ஆல்சாமிக்சரை, சேனல்களின் ஒலியளவைக் காட்டும் கருவியை, திறந்து பாருங்கள். ஏதாவது சேனலின் கீழே எம்எம் என்று இருந்தால் அது ஊமையாக இருக்கிறது என்று பொருள். அதன்மேல் நின்று எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும்.

ஒயர்

கார்டில் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். ஆரஞ்சில் செருகும் ஒயரில் வெள்ளை முனை நடு ஸ்பீக்கர், சிவப்பு முனை சப்வூஃபர். சில கார்டுகளில் நிறம் இருக்காது, பெயர் மட்டும் பொறித்திருப்பார்கள்.

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து இருபுறமும் 30 பாகையில் இருக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 110 பாகையில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால். முதுகுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள்.

எந்தச் சேனல் எங்கே போகிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முதலில் எல்லாம் செய்து முடித்து, ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை ஆறு சேனலுக்கு ஓட்டினேன். 'ஃப்ரண்ட் லெஃப்ட்' என்ற குரல் முன் இடதிலிருந்தே வந்தது, மற்றவையும் சரி. நிம்மதியாகப் பாட்டுக் கேட்கத் தொடங்கினேன். இரண்டு வாரம் பாடகியின் குரல் பின் இடது மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பதிவே அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பியிருந்தேன். மூன்றாவது ஆல்பத்திலும் பாடகர் அதே மூலையில் நின்றபோதுதான் சந்தேகம் வந்தது.

காரணம் இதுதான். வேவ், ஃப்ளாக் கோப்புகளில் ஆறு சேனலின் வரிசை: முன் இடது, முன் வலது, நடு, சப், பின் இடது, பின் வலது. யுஎஸ்பி கார்டும் இதே வரிசையைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் லினக்ஸில் சவுண்ட் கார்டுகளை இயக்கும் ஆல்சாவுக்கு வேறொரு வழக்கமான வரிசை உண்டு: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, நடு, சப். எம்பிடி ஆல்சாவிடம் பேசுவதால், கோப்பின் வரிசையை மாற்றி ஆல்சா வரிசையில் அனுப்புகிறது. நான் எம்பிடியின் அமைப்புக் கோப்பில் கார்டின் நேரடிப் பெயரை, எச்டபிள்யூ என்று தொடங்குவதை, கொடுத்திருந்தேன். நேரடிப் பெயர் என்றால் இடையில் யாரும் வரிசையைத் திருத்த மாட்டார்கள். ஐந்தாவதாக வந்த நடுச் சேனலைக் கார்டு பின் இடது என்று எடுத்துக்கொண்டது. பின் இடதின் ஒலி நடு ஸ்பீக்கருக்குப் போனது, பின் வலதின் ஒலி சப்வூஃபருக்கு.

ஸ்பீக்கர்-டெஸ்ட்டில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. அங்கே நான் கொடுத்தது சரவுண்ட்51 என்ற பெயர். அந்தப் பெயரில் போகும்போது ஆல்சாவே யுஎஸ்பி கார்டுக்கு ஏற்றபடி வரிசையைத் திருத்திவிடுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஏப்ளே கட்டளையைப் பெரிய எல் எழுத்தோடு கொடுங்கள் (சின்ன எல் வேறு பட்டியலைத் தரும், அது இங்கே உதவாது). நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் கார்டின் பெயரோடு சரவுண்ட்51 என்று தொடங்கும் வரியை அப்படியே காப்பி செய்து, எம்பிடியின் அமைப்புக் கோப்பில் ஆடியோ அவுட்புட் பகுதியில் டிவைஸ் என்ற இடத்தில் ஒட்டுங்கள். கையால் அடிக்க வேண்டாம், ஒரு எழுத்து தவறினாலும் ஓடாது. மிக்சர் டைப்பைச் சாஃப்ட்வேர் என்று வையுங்கள், ஆறு சேனலின் ஒலியளவும் சேர்ந்து ஏறி இறங்கும். எம்பிடியை மீண்டும் தொடங்குங்கள்.

அப்புறம், சோதனையை எம்பிடி வழியாகவே செய்ய வேண்டும். போனில் உங்கள் குரலிலேயே 'முன் இடது', 'முன் வலது', 'நடு', 'பின் இடது', 'பின் வலது' என்று ஐந்து துண்டு பதிவு செய்யுங்கள். சப்வூஃபரில் பேச்சு புரியாது. அதற்கு ஆடாசிட்டியில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஆறையும் ஆறு மோனோ டிராக்காக, ஒன்று முடிந்தபின் அடுத்தது வரும்படி அடுக்கி, ஏற்றுமதி செய்யும்போது சேனல் வரிசையைக் கையால் கொடுத்து, மேலே சொன்ன ஃப்ளாக் வரிசையில் ஒரே கோப்பாக்குங்கள். அதை எம்பிடியில் ஓட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கர் அருகிலும் போய் நின்று கேளுங்கள். என் அறையில் 'நடு' என்ற என் குரல் முதல் முறையாக நடுவிலிருந்து வந்தபோது, அந்த மூன்று ஆல்பத்தையும் முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.

ஒலியளவு

ஸ்பீக்கர்-டெஸ்ட்டில் பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஓட்டி, உட்காரும் இடத்தில் போனை வைத்து ஒலி அளக்கும் ஆப்பில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே அளவு காட்டும்படி திருகைத் திருப்புங்கள். திரைப்பட ஒலித்தடங்களில் சப் சேனல் 10 டெசிபல் கூட்டி ஒலிக்க வேண்டும் என்ற கணக்கில் பதிவாகியிருக்கும். ரிசீவர் இருந்தால் அதுவே கூட்டிவிடும், இங்கே சப்வூஃபரின் திருகில் நாம்தான் கூட்ட வேண்டும்.

பின்சேர்க்கை

செய்து பார்த்த சிலர் கேட்டவை:

'பல பாட்டுகளில் சப்வூஃபர் சும்மா இருக்கிறதே?' பழுதில்லை. இந்த அமைப்பில் சப்வூஃபருக்குப் போவது சப் சேனலில் பதிவானது மட்டுமே. முன் ஸ்பீக்கரின் தாழ்ந்த ஒலியைப் பிரித்து அனுப்ப இங்கே யாரும் இல்லை. ஸ்பீக்கர்கள் சின்னவை என்றால் கேமில்லாடிஎஸ்பி என்ற இலவச மென்பொருளை இடையில் வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சப்வூஃபருக்குத் திருப்பலாம். நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

'கார்டில் ஆப்டிகல் ஜாக் இருக்கிறது, அதில் ஒரே ஒயரில் முடித்துவிடலாமா?' முடியாது. சுருக்காத ஒலி என்றால் அதில் இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போலச் சுருக்கிய 5.1 மட்டும் போகும், அதைப் பிரித்தெடுக்க மறுமுனையில் ரிசீவர் வேண்டும்.

'ஆறு சேனலும் போகிறதா என்று எப்படி உறுதி செய்வது?' பாட்டு ஓடும்போது ப்ராக் அடைவுக்குள் ஆசவுண்ட் அடைவில் உங்கள் கார்டின் எச்டபிள்யூ பேராம்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். சேனல்ஸ் என்ற வரியில் 6 இருக்க வேண்டும்.

'இடையிடையே படபடவென்று சத்தம் வருகிறது.' இதைச் சொன்னவர் கார்டையும் ஹார்டு டிஸ்க்கையும் மின்சாரம் தனியாக இல்லாத ஒரே ஹப்பில் மாட்டியிருந்தார். கார்டை ராஸ்பெரி பையிலேயே நேரடியாகச் செருகியதும் நின்றுவிட்டது.