தலைமாட்டில் ஜாதிக்காய் டப்பா எதற்கு?

பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் பெரியம்மா தலைமாட்டில் இரண்டு பொருள்கள் இல்லாமல் படுக்கமாட்டார். ஒன்று தண்ணீர் பாட்டில். மற்றொன்று பாலிக் புலாவிலிருந்து வாங்கிவரும் ஜாதிக்காய் ஜெருக் (இனிப்பும் புளிப்புமாக ஊறவைத்த பழத்துண்டு) டப்பா. இரவு இரண்டு மணிக்கு வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வரும். நாலு மிடறு தண்ணீர், ஒரு துண்டு ஜாதிக்காய், திரும்பவும் படுக்கை. "புளிப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறதே!" என்பார். ஊறத்தான் செய்கிறது. ஆனால் போன வருடம் பல் மருத்துவர் பார்த்தபோது ஈறோரமாக மூன்று பற்களில் சொத்தை.

நமக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. தூங்கும்போது அது ஏறக்குறைய நின்றேவிடும். பல்லின் மேல் படியும் அமிலத்தைத் தணிப்பதும், பல் இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பதும் எச்சில்தான். அந்தக் காவல் இல்லாத நேரத்தில் சர்க்கரையையும் புளிப்பையும் சேர்த்து வாயில் ஒதுக்கிக்கொண்டு தூங்கினால் பல் என்ன செய்யும்? ஆசாம் போய் என்ற புளிப்பு உலர்பழம், எலுமிச்சை, இருமல் மிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மருந்தகத்தில் வாய் வறட்சிக்கென்றே ஜெல் விற்கிறார்கள். படுக்குமுன் ஈறிலும் நாக்கிலும் தடவிக்கொண்டால் போதும்.

தண்ணீரையும் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வேண்டாம். காய்ந்திருப்பது வாய்தான், வயிறு அல்ல. ஒரு வாய் நனைத்துக்கொண்டால் ஆயிற்று. மிச்சமெல்லாம் கழிப்பறைக்கு நடக்க வைக்கும். அதற்காகத் தாகமே எடுக்காது என்று நான் சொல்லவில்லை. தீராத தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து வந்தால், முதலில் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

பினாங்குக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். குளிரூட்டியின் குழாயிலிருந்து வெளியே சொட்டுகிறதே, அது உங்கள் அறைக்காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். குளிரூட்டியைப் பதினெட்டு டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் முகத்துக்கு நேரே திருப்பி, மூக்கடைப்போடு வாய் திறந்து தூங்கினால் விடிவதற்குள் வாய் கருவாடுதான். சிலர் வாயில் டேப் ஒட்டிக்கொள்கிறார்கள். மூக்கு அடைத்திருப்பவருக்கு அது ஆபத்து. பலத்த குறட்டையும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி.

இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் தேநீரும், ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியும் வறட்சியைக் கூட்டக்கூடியவை.

எல்லாவற்றையும்விட அதிகம் கண்ணில் படாமல் போவது மாத்திரை. தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் எச்சிலை நன்றாகவே குறைக்கும். மனச்சோர்வு, இரத்த அழுத்த மருந்துகளில் சிலவும் அப்படித்தான். நாமாக நிறுத்திவிடக்கூடாது, மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டலாம். பெரியம்மா பல வருடமாக அரிப்புக்கென்று இரவில் போட்டுக்கொண்டிருந்த சின்ன மஞ்சள் மாத்திரை அப்படித்தான் பிடிபட்டது. மருத்துவர் வேறு வகைக்கு மாற்றிக்கொடுத்தார். ஜாதிக்காய் டப்பா இப்போது சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது, மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு. பாட்டில் மட்டும் தலைமாட்டில்தான் இருக்கிறது.