மௌனப் படத்தை முறையாகப் பார்ப்பது எப்படி? முதல்முறை பார்ப்பவர்களுக்கு

மௌனப் படம் என்றதும் பலருக்கும் தோன்றுவது ஒரே காட்சிதான். ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், முகமெல்லாம் வெளுத்திருக்கும், பின்னால் ஒரு பியானோ ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கொட்டகையில் யாரும் இப்படிப் பார்க்கவில்லை. வேகம் தப்பு, படத்தின் அகல உயரம் தப்பு, இசை பிற்காலத்தில் யாரோ ஒட்டியது. பத்து நிமிடத்தில் மூடிவிட்டு “பழைய படம் நமக்கு ஒத்துவராது” என்பவர்களில் பெரும்பாலோர் பார்த்தது கெட்டுப்போன பிரதியை. அதனால் முதலில் பிரதியைச் சரிசெய்வோம், பிறகு கண்ணைப் பழக்குவோம்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இது அந்நியமான கலையும் இல்லை. 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டு டூரிங் கொட்டகைகளுக்கெல்லாம் முன்னோடி அந்தக் கூடாரம்.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் இரண்டரை மணி நேர ஜெர்மன் காவியத்தில் இறங்க வேண்டாம். இரண்டு ரீல் படம் ஒன்று போதும். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம் (சுருளில் உள்ள தனித்தனிப் படம்), ஒரு ரீல் ஏறத்தாழ 1000 அடி. வினாடிக்கு 16 பிரேம் ஓட்டினால் ஒரு ரீல் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும், 24 பிரேம் ஓட்டினால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கு நான்காம் படியில் உதவும்.

முதலில் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920). புதுமணத் தம்பதிக்கு வீடு பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது, எண் பார்த்துப் பொருத்த வேண்டும். பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். ஒரு வரிகூடப் படிக்காமலே கதை புரியும்.

அடுத்து தாதாசாகேப் பால்கேயின் ‘காளிய மர்தன்’ (1919). கும்பகோணம் பக்கத்தில் ஊத்துக்காட்டுக் காளிங்க நர்த்தனப் பெருமாளைச் சேவித்தவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. கண்ணனாக நடித்தது பால்கேயின் மகள் மந்தாகினி. கதைக்கு முன்னால் அந்தச் சிறுமி கேமராவைப் பார்த்து முகபாவங்களை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும் பகுதி வரும். அதைத் தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள், ஆறாம் படிக்கு அதுதான் பாடம்.

மூன்றாவதாக சாப்ளினின் ‘தி கிட்’ (1921). நான்காவதாக ஃப்ரான்ஸ் ஆஸ்டனும் ஹிமான்ஷு ராயும் இங்கேயே எடுத்த ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ (1929), மகாபாரதச் சூதாட்டத்திலிருந்து பிறந்த கதை. யானையும் குதிரையும் கூட்டமுமாகத் திரை நிறையும். இந்த நான்கும் முடிந்தபின் முர்னோவின் ‘சன்ரைஸ்’ (1927) பாருங்கள். அதற்கு முன்னால் வேண்டாம், பழகிய கண்ணுக்குத்தான் அந்தப் படம் முழுதாகக் கிடைக்கும்.

தமிழ்நாட்டு மௌனப் படம் எதுவும் இந்த வரிசையில் இல்லையே என்றால், காட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ உட்பட அந்தத் தலைமுறைப் படங்கள் அழிந்துவிட்டன. அன்றைய படச்சுருள் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும். வெப்பமும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாக உதிரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? தெற்கில் எடுத்த மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்து, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அதை எங்காவது திரையிட்டால் தவறவிடாதீர்கள்.

படி 2: நல்ல பிரதியைத் தேடுங்கள்

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். மௌனப் படங்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டன. யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மீட்டெடுத்த பிரதிக்குப் புதிதாக அமைத்த இசைக்குத் தனி உரிமை உண்டு. ஊரில் பொதுவாகத் திரையிடுவதானால் இதைக் கவனியுங்கள்.

ஒரே படத்துக்குப் பத்துப் பிரதி இருக்கும். மூன்றை அடுத்தடுத்துத் திறந்து ஒரே காட்சியை ஒப்பிடுங்கள். தலையோ பாதமோ வெட்டுப்பட்டிருந்தால் தள்ளுங்கள். முகத்தில் மூக்கும் கன்னமும் தெரியாமல் வெள்ளையாக எரிந்திருந்தால், பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்தது என்று பொருள், அதுவும் வேண்டாம். கணினியால் வண்ணம் பூசி வினாடிக்கு 60 பிரேமாக ‘மெருகேற்றிய’ பிரதிகள் பளபளப்பாக இருக்கும், ஏமாறாதீர்கள். இடையில் உள்ள பிரேம்களைக் கணினி ஊகித்து நிரப்பியது அது. விரல்கள் ஒட்டிக்கொள்ளும், கண்ணின் அசைவு குழையும். நடிகர் செய்யாத அசைவை நாம் ஏன் பார்க்க வேண்டும்?

நீளத்தையும் ஒப்பிடுங்கள். ‘தி கிட்’ படத்தை 1970களின் தொடக்கத்தில் சாப்ளினே சில காட்சிகளை வெட்டி, தானே இசையமைத்து மறுபடி வெளியிட்டார். அதனால் ஒரு மணிக்கும் குறைவான பிரதியும் உண்டு, அதைவிட நீண்ட பழைய பிரதியும் உண்டு. இரண்டும் சரியானவையே. எது கையில் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் போதும்.

படி 3: டிவியை அடக்குங்கள்

மௌனப் படத்தின் அளவு 4:3. உங்கள் டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வர வேண்டும், அதுதான் சரி. பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால் டிவி படத்தை இழுத்திருக்கிறது, அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறது. வண்டிச் சக்கரமோ கடிகாரமோ வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் பிக்சர் சைஸ் அமைப்பில் 4:3 அல்லது ஒரிஜினல் என்று மாற்றுங்கள். கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் என்றால் ‘ஏ’ விசையைத் தட்டத் தட்ட அளவு மாறும்.

பிறகு அசைவை வழுக்கலாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயர்களில் இருக்கும். பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்று வையுங்கள். கறுப்பு வெள்ளைதானே என்று கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட வேண்டாம். காரணம் ஆறாம் படியில்.

படி 4: வேகம்

இது ஒன்றைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீரும். மௌனக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 முதல் 24 பிரேம் வரை, ஆளுக்கும் படத்துக்கும் தக்கபடி மாறும். ஒலி வந்தபின்தான் 24 என்று நிலைத்தது, ஏனென்றால் வேகம் மாறினால் குரலும் மாறும். 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடப்பார்கள். ‘பழைய படத்து ஓட்டம்’ பிறந்தது இப்படித்தான்.

சரிபார்க்க வேடிக்கைக் காட்சியை எடுக்காதீர்கள். ஒருவர் சாதாரணமாக நடப்பது, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவது, துணி காற்றில் ஆடுவது, இவற்றில் ஒன்றைப் பாருங்கள். தண்ணீர் விழும் வேகம் நமக்கு நன்றாகவே தெரியும், அது பொய் சொல்லாது. வேகம் கூடுதலாகத் தெரிந்தால் யூடியூபில் பல்சக்கரக் குறியைத் தட்டி, பிளேபேக் ஸ்பீடில் 0.75 வையுங்கள். 18 பிரேமில் எடுத்த படத்துக்கு அது மிகச்சரியான கணக்கு. இன்னும் ஓட்டமாக இருந்தால் கஸ்டம் போய் 0.65 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் நீரில் நடப்பதுபோல் ஆகிவிடும். விஎல்சியில் இடது சதுர அடைப்புக்குறி விசை வேகத்தைக் குறைக்கும், சமக்குறி விசை பழைய வேகத்துக்குக் கொண்டுவரும்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். நல்ல மீட்புப் பிரதிகளில் வேகத்தை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். இரண்டு ரீல் படம் 25 நிமிடத்துக்கு மேல் ஓடினால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1920களின் கடைசியில் வந்த படங்கள் 24-ஐ நெருங்கிவிட்டன, அவற்றை அப்படியே விடுங்கள். சிரிப்புப் படங்களில் துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தார்கள், திரையில் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கீட்டனின் ஓட்டத்தை நிதானமாக்கினால் சிரிப்பு செத்துவிடும்.

படி 5: இசை

மீட்புப் பிரதியோடு வந்த இசை இருந்தால் முதல்முறை அதையே கேளுங்கள். ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ படத்துக்கு நிதின் சாஹ்னி அமைத்த இசை உண்டு. படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வந்தால் ஒலியை அணைத்துவிட்டு நீங்களே போடுங்கள். வேகத்தைக் குறைத்தபோதும் இசை நசுங்கும், அப்போதும் இதே வழிதான்.

வீணை அல்லது வயலின் ஆலாபனை நன்றாகப் பொருந்தும், தாளம் இல்லாததால் படத்தின் வெட்டுகளோடு மோதாது. துரத்தல் காட்சிக்குத் தவில் தனி ஆவர்த்தனம் போட்டுப் பாருங்கள். வார்த்தை உள்ள பாட்டு மட்டும் வேண்டாம். காது வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் கண் தளர்ந்துவிடும்.

படி 6: கண்ணைப் பழக்குதல்

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பேசும் படத்தில் தலையைக் குனிந்தாலும் வசனம் காதில் விழும். இங்கே ஐந்து வினாடி குனிந்தால் கதை போய்விடும். வேகத்துக்கு அடுத்தபடியாக அலுப்புக்குப் பெரிய காரணம் இதுதான்.

நடிப்பு ‘ஓவர்’ என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகம் தெலுங்கில் நடக்கிறது. தெலுங்கு தெரியாதவர்களும் விடிய விடிய உட்கார்ந்து பிரகலாதனுக்காகக் கலங்குகிறார்கள். அவன் தாய் லீலாவதியாக வரும் வேடக்காரரின் கண்ணும் கையும் சொல்லிவிடுகின்றன. மௌனப் பட நடிகரும் அதே வேலையைச் செய்கிறார். அபிநயம் பார்த்துப் பழகிய தஞ்சாவூர்க் கண்ணுக்கு இது மற்றவர்களைவிட எளிது. மந்தாகினியின் முகத்தை மறுபடி போட்டு, ஒரு பாவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியைக் கவனியுங்கள். பாவத்தைவிட அந்த மாற்றத்தில்தான் திறமை இருக்கிறது.

இரண்டாம் தடவை ஒலி இல்லாமல் பத்து நிமிடம் மட்டும். இப்போது முகத்தை விட்டுப் பின்னணியைப் பாருங்கள். யார் வாசலில் நிற்கிறார், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று. கீட்டன் தன் சாகசங்களைத் தலை முதல் பாதம் வரை தெரிய, தள்ளி நின்று, வெட்டில்லாமல் எடுப்பார். நடந்தது நிஜம் என்பதற்கு அந்த ஒற்றை ஷாட்டே சாட்சி. இன்றைய சண்டைக் காட்சியில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வெட்டு வருகிறது என்று எண்ணிவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும்.

நிறத்துக்கு வருவோம். திடீரென்று திரை நீலமாக மாறினால் பிரதி கெட்டுவிடவில்லை, கதையில் இரவு. பொன்னிறம் என்றால் விளக்கொளி, சிவப்பு என்றால் பெரும்பாலும் தீ. பட்டப்பகலில் எடுத்துவிட்டுச் சுருளைச் சாயத்தில் முக்கினார்கள். கலரைப் பூஜ்யமாக்கினால் இரவு பகலாகிக் கதை குழம்பும். உதடு கறுப்பாகவும் வானம் வெறும் வெள்ளையாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். சிவந்த தோல் கறுத்து விழும் என்பதால்தான் அத்தனை கனமான ஒப்பனை.

படி 7: ஊரோடு பார்ப்பது

மௌனப் படம் கூட்டத்துக்காகவே எடுத்தது, தனியாகப் பார்த்தால் சிரிப்பு பாதிதான். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தபின் களத்திலோ கோயில் திடலிலோ போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு போராட வேண்டாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள், நிலவொளியில் படத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும்.

துணியைவிடச் சுண்ணாம்பு அடித்த சுவர் மேல், ஒளி பின்னால் கசியாது. எனாமல் பெயின்ட் சுவர் கூடாது, நடுவில் விளக்கு பளிச்சென்று பிரதிபலிக்கும். புரொஜெக்டர் வீசும் படம் 8 அடி அகலம் என்றால் உயரம் 4½ அடி. அதற்குள் 4:3 படம் 6 அடிதான் பிடிக்கும். ஆகவே சுவரின் அகலத்தைப் பார்த்து ஏமாறாமல் உயரத்தை அளந்து முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான சாதாரண புரொஜெக்டர்களுக்கு 8 அடி அகலத்துக்குச் சுமார் 12 அடி தூரம் வேண்டும். ஸ்பீக்கரைப் புரொஜெக்டர் பக்கத்தில் வைக்காமல் திரைக்குக் கீழே வையுங்கள். இருட்டியபின் பனி இறங்கும், கருவிகளுக்கு மேலே ஒரு கீற்றோ தார்ப்பாயோ இருக்கட்டும். பல்பு உள்ள புரொஜெக்டர் என்றால் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல், உள்ளே விசிறி நிற்கும்வரை விடுங்கள்.

காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளைப் படிக்க ஒருவரை அமர்த்துங்கள். மௌனக் காலத்தில் நம் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொன்னார். படத்தை முன்பே பார்த்து, ஒவ்வொரு கார்டையும் நம் பேச்சுத் தமிழில் ஒரே வரியாக எழுதிக்கொள்ளுங்கள். கார்டு வந்தபின் தொடங்கி, போவதற்குள் முடிக்க வேண்டும். படம் ஓடும்போது “இப்ப பாருங்க, அவன் வருவான்” என்று விளக்கக் கூடாது. பாட்டிகள் கேள்வி கேட்டால் இடைவேளையில் பதில் சொல்லலாம்.

படி 8: பேசும் படத்துக்கு வருதல்

முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) கிடைக்கவில்லை. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். பாபநாசத்தில் பிறந்த கே. சுப்ரமணியம் இயக்கி, மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’ (1934) படத்தில் ஏறக்குறைய 50 பாடல்கள். நாடக மேடை அப்படியே திரைக்கு வந்த காலம் அது. கேமரா நகராமல் நின்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பேச்சையும் பாட்டையும் அங்கேயே பதிய வேண்டும், ஒளித்து வைத்த மைக்குக்குக் கேமராவின் இரைச்சல் கேட்கக் கூடாது.

ஆகவே ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் தொடங்குங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பாட்டுக்கச்சேரி போல இரண்டு பகுதியாகப் பார்க்கலாம். பாபநாசம் சிவனின் ‘மன்மத லீலை’ சாருகேசி ராகத்தில் வரும்போது முழுதாக உட்கார்ந்து கேளுங்கள். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தை அடுத்த வாரம் வையுங்கள், பத்தாண்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று தெரியும். பழைய ஒலித்தடத்தின் இரைச்சல் காதை உறுத்தினால் ஒலியைக் கூட்டாதீர்கள், ஈக்வலைசரில் டிரெபிளைக் கொஞ்சம் குறையுங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் ச, ஷ எழுத்துகள் மழுங்கி வசனம் புரியாது. இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.