பிஆர்எஸ்ஆர் கற்க எளிய வழி: ஒரு நூற்பாலையின் கார்பன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) படிக்க வருகிறவர்கள் ஜிஆர்ஐ, டிசிஎஃப்டி, ஐஎஸ்எஸ்பி என்று அறிக்கை நெறிகளை வகுத்த அமைப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். கையில் ஒரு கரண்ட் பில்லைக் கொடுத்து “இதில் உமிழ்வு எத்தனை டன்?” என்று கேட்டால் விழிக்கிறார்கள். நாம் பில்லிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் பின்னணி. பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நீடித்தன்மை அறிக்கை) என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 மே மாதம் அறிவித்த அறிக்கைப் படிவம். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியல் நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம். இதன் மூன்றாம் பகுதியில் ஒன்பது கொள்கைகள் வருகின்றன. 3ஆவது பணியாளர் நலன், 6ஆவது சுற்றுச்சூழல். புதியவர் இந்த இரண்டையும் பிடித்தால் போதும், மற்றவை பின்னால் வரும்.

நம் பயிற்சிக்கு ஒரு கற்பனை நூற்பாலை. ஆண்டு விற்றுமுதல் 120 கோடி ரூபாய். இது அந்த ஆயிரத்தில் வராது. ஆனால் இதனிடம் நூல் வாங்கும் பெரிய நிறுவனம் கேள்வித்தாள் அனுப்பும். சப்ளையர் விவரத்தைத் தருவது தற்போது அந்தப் பெரிய நிறுவனங்களின் விருப்பம்தான் என்றாலும், கேள்வித்தாள் வருவது நிற்கவில்லை.

படி 1: எல்லை போடுங்கள்

எந்தெந்த இடம் கணக்கில் சேரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: ஆலை, குடோன், விடுதி, அலுவலகம். சொந்த லாரிக்கு ஊற்றும் டீசல் ஸ்கோப் 1, அதாவது நாமே நேரடியாக உமிழ்வது. வாடகை லாரியின் டீசல் ஸ்கோப் 3, அதாவது நமக்காகப் பிறர் உமிழ்வது. இதை இப்போது முடிவு செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் வேறு மாதிரி முடிவு செய்வார். அப்போது உமிழ்வு குறைந்ததா, எல்லை சுருங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 2: பன்னிரண்டு கரண்ட் பில்கள்

ஏப்ரல் முதல் மார்ச் வரை. மார்ச் மாத மின்சாரத்துக்கான பில் ஏப்ரலில்தான் கைக்கு வரும். பில் தேதியைப் பார்த்து அடுக்கினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். ரீடிங் தேதியைப் பாருங்கள்.

எச்டி (உயரழுத்த) இணைப்பில் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. பில்லில் உள்ள பெருக்கு எண்ணால் பெருக்கிய பிறகு வருவதுதான் யூனிட். கேவிஏஹெச் (கிலோவோல்ட் ஆம்பியர் மணி) என்ற தலைப்பில் இருக்கும் எண்ணும் யூனிட் இல்லை. நமக்கு வேண்டியது கிலோவாட் மணி மட்டும்.

கோவை, திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். காற்றாலையில் உற்பத்தியான யூனிட் ஒன்று, கடத்தல் இழப்பு போக ஆலையின் பில்லில் கழித்துக்கொடுத்த யூனிட் இன்னொன்று. இரண்டாவதை எடுங்கள்.

நம் ஆலை மொத்தம் 1 கோடி யூனிட் செலவிட்டது, அதில் 40 லட்சம் காற்றாலை யூனிட் என்று வையுங்கள். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல். ஆக மொத்தம் 36,000 ஜிகாஜூல்: புதுப்பிக்கத்தக்கது 14,400, மற்றது 21,600.

படி 3: டீசலும் சமையல் காஸும்

வாங்கியது வேறு, எரித்தது வேறு. தொடக்க இருப்பு + கொள்முதல் − இறுதி இருப்பு. பங்க் பில்களை மட்டும் கூட்டினால் மார்ச் 30 அன்று நிரப்பிய டேங்க் முழுவதும் இந்த ஆண்டுக் கணக்கில் விழுந்துவிடும்.

ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை ஆய்வுக் குழு) 2006 மதிப்புகள்படி டீசலின் வெப்ப மதிப்பு டன்னுக்கு 43 ஜிகாஜூல், உமிழ்வு ஒரு ஜிகாஜூலுக்கு 74.1 கிலோ. லிட்டருக்கு 0.84 கிலோ எடை என்று கொண்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 20,000 லிட்டருக்கு 53.6 டன்.

கேன்டீனில் 19 கிலோ சிலிண்டர் 60, அதாவது 1,140 கிலோ. எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 2.98 கிலோ உமிழும். 3.4 டன்.

ஜெனரேட்டர் தந்த யூனிட்டை மின்சாரத்திலும் அதன் டீசலை எரிபொருளிலும் எழுதினால் ஒரே ஆற்றல் இரண்டு முறை ஏறும். டீசலை மட்டும் எழுதுங்கள்.

படி 4: ஏசி காஸ்

சின்ன விஷயம் என்று விட்டுவிடுவார்கள். ஆண்டில் ஏசிகளுக்கு 10 கிலோ ஆர்-410ஏ நிரப்பினோம் என்றால் அவ்வளவும் கசிந்ததற்கு ஈடு. ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கைப்படி இதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,924 மடங்கு. பத்தே கிலோவுக்கு 19.2 டன்! கேன்டீன் அடுப்பு ஆண்டு முழுக்க எரிந்ததைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். சர்வீஸ்காரரின் பில்லில் “காஸ் சார்ஜிங்” என்று மட்டும் இருக்கும். எந்த காஸ், எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். பழைய ஆர்-22 என்றால் ஜிஎச்ஜி புரோட்டோகால் (உமிழ்வுக் கணக்குக்கான உலக நெறி) முறைப்படி ஸ்கோப் 1இல் சேர்க்காமல் தனியே காட்ட வேண்டும்.

ஸ்கோப் 1 மொத்தம்: 53.6 + 3.4 + 19.2 = 76.2 டன்.

படி 5: ஸ்கோப் 2 (வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வு)

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் மின்தொகுப்பின் (கிரிட்) உமிழ்வுக் காரணியை வெளியிடுகிறது. 2023-24க்கு ஒரு மெகாவாட் மணிக்கு 0.727 டன். எந்த ஆண்டின் காரணி என்பதைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

தொகுப்பிலிருந்து வாங்கிய 60 லட்சம் யூனிட், அதாவது 6,000 மெகாவாட் மணி × 0.727 = 4,362 டன். இது சந்தை அடிப்படை முறை: எந்த மூலத்து மின்சாரத்தை வாங்கினோம் என்று பார்ப்பது. எல்லா யூனிட்டுக்கும் தொகுப்பின் சராசரியையே போடும் இட அடிப்படை முறையில், தொகுப்பின் வழியே வந்த 1 கோடி யூனிட்டும் சேர்ந்து 7,270 டன். இரண்டுமே சரிதான். சென்ற ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு இன்னொன்று என்று மாற்றி எழுதுவதுதான் தவறு. காற்றாலை யூனிட்டுக்குரிய ஆர்இசி (புதுப்பிக்கத்தக்க ஆற்றல்) சான்றிதழை விற்றுவிட்டால் அந்தப் பசுமையும் கையைவிட்டுப் போய்விட்டது. சந்தை முறையில் அதற்குச் சுழியம் போட முடியாது.

படி 6: விற்றுமுதலால் வகுங்கள்

(4,362 + 76) ÷ 120 கோடி. கோடிக்கு ஏறக்குறைய 37 டன். படிவம் ஒரு ரூபாய்க்குக் கேட்கும்: 0.0000037. புள்ளிக்குப் பிறகு ஐந்து சுழியம்; ஒன்று கூடினால் பத்தில் ஒரு பங்காகிவிடும். கோடிக் கணக்கையும் பக்கத்தில் எழுதிச் சரிபாருங்கள். நூல் விலை ஏறினாலே இந்த விகிதம் இறங்கும் என்பதால், ஒரு டன் நூலுக்கு எவ்வளவு என்றும் போடுவது நல்லது. நூற்பாலைக்காரருக்குப் புரிவதும் அதுதான்.

படி 7: விபத்து விகிதம் (3ஆவது கொள்கைக்கு)

வேலை நாள் இழப்பு நேர்ந்த விபத்துகள் × 10 லட்சம் ÷ மொத்த வேலை மணி. 9,60,000 மணியில் 3 விபத்து என்றால் 3.125. மணிக்கணக்கு வருகைப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். தலைக்கு 8 மணி, 365 நாள் என்று பெருக்கினால் விடுப்பும் வார ஓய்வும் வேலை மணியாகி, விகிதம் பொய்யாக இறங்கும். ஒப்பந்தத் தொழிலாளரின் விபத்தைச் சேர்த்தால் அவர்களுடைய மணியையும் சேருங்கள்.

படி 8: வெளியான அறிக்கையில் கை வையுங்கள்

பங்குச் சந்தை இணையதளத்திலிருந்து ஒரு ஜவுளி நிறுவனத்தின் பிஆர்எஸ்ஆரை இறக்குங்கள். 6ஆவது கொள்கையில், புதுப்பிக்க முடியாத மூலத்திலிருந்து வந்த மின்சாரம் ஜிகாஜூலில் இருக்கும். அதை 3.6ஆல் வகுத்து, அந்த ஆண்டின் காரணியால் பெருக்குங்கள். அறிக்கையின் ஸ்கோப் 2 எண்ணுக்கு அருகில் வருகிறதா? வராவிட்டால் மூன்றைப் பாருங்கள்: பழைய ஆண்டின் காரணி, இட அடிப்படை முறை, மெகாஜூல்-ஜிகாஜூல் குழப்பம். மூன்றும் இல்லையென்றால் அடிக்குறிப்பைப் படியுங்கள். ஏதாவதொரு ஆலை எல்லைக்கு வெளியே விடப்பட்டிருக்கலாம்.