ஓடும்போது மட்டும் அழுத்தம் இறங்கிய என் குட்டி நீராவி எஞ்சின்

இங்கிலாந்தில் எங்கள் கிளப் தண்டவாளத்தில் ஓட்டும் என் 5 அங்குல கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) எஞ்சின், நிற்கும்போது கொதிகலன் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனால் 50. நான்கு வார இறுதிகள் இப்படியே போயின.

நிலக்கரியை மாற்றினேன். கொதிகலன் குழாய்களைத் தேய்த்தேன். புகைபோக்கிக்குக் கீழே புகை சேரும் அறையான ஸ்மோக்பாக்ஸின் கதவில் காற்று புகாதபடி அடைத்தேன். பலனில்லை. நிற்கும்போது புளோயர் என்ற சிறு நீராவிக் குழாய் தனியாகக் காற்றை இழுப்பதால் தீ நன்றாகவே எரிந்தது. அதுதான் என்னைக் குழப்பியது.

வழி காட்டியவை புகைப்படங்கள். குளிர்ந்த காலையில் நீராவி நன்றாக வெண்மையாகத் திரளும் என்பதால் அப்போது எடுத்தவை. எஞ்சின் நேரே வரும் படங்களில் நீராவி அதன் இடப்பக்கமே சாய்ந்திருந்தது. காற்று காரணம் என்றால், எதிர்த்திசையில் திரும்பி வரும்போது மறுபக்கம் சாய வேண்டும். சாயவில்லை.

எஞ்சின் ஆறியதும், புகைபோக்கிக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரக்கட்டை ஒன்றைக் கடைந்து, நட்டநடுவில் துளையிட்டு, நேரான கம்பியை இறக்கினேன். ஓடும்போது சிலிண்டர்களிலிருந்து வரும் நீராவியைப் புகைபோக்கிக்குள் பாய்ச்சி, தீக்குக் காற்றை இழுப்பது பிளாஸ்ட் நாசில். கம்பி அதன் வாய்க்குள் போகாமல் விளிம்பில் முட்டியது. 2 மில்லிமீட்டர் விலகல்! நீராவி நடுவில் பாயாததால்தான் ஓடும்போது தீக்குக் காற்று போதவில்லை. நட்டைத் தளர்த்தி, கம்பி தடையில்லாமல் இறங்கும்வரை நாசில் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முடுக்கினேன். போன ஞாயிறு ஐந்து சுற்றுக்கு அப்புறமும் 75க்குக் கீழே இறங்கவில்லை. அப்பாடா!