தோல் பைக்கும் ஜன்னல் வலைக்கும் நியோடிமியம் காந்தம்: தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் நியோடிமியம் காந்தம் கேட்பவர்கள் பெரும்பாலும் "இருப்பதிலேயே பவர் அதிகமானது எது" என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரரும் என்52 என்று எழுதிய பொட்டலத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், இரும்பு எவ்வளவு தடிமன், எந்தத் திசையில் இழுபடும், வெயிலும் ஈரமும் படுமா என்ற நான்கையும் முதலில் பார்த்துவிட்டு, அந்த வேலையைச் செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறியதை வாங்குவதே செலவுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த இந்தக் கலவையை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கினார்கள். என்35, என்42, என்52 போன்ற பெயர்களில் வரும் எண்கள் அந்தப் பொருளின் உச்ச ஆற்றலைக் குறிப்பவை. ஒரே அளவுள்ள இரண்டு வில்லைகளை எடுத்துக்கொண்டால், என்35 இழுப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் என்52 இழுக்கும். சிறிய வில்லையின் தடிமனை 2 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராக்கினாலே கிட்டத்தட்ட அந்த ஆதாயம் கிடைத்துவிடும் என்பதால், வீட்டு வேலைக்கும் சிறு பட்டறை வேலைக்கும் என்35 அல்லது என்42 தாராளமாகப் போதும்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் கிலோ கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது பூச்சில்லாத, வழவழப்பான, தடித்த இரும்புப் பாளத்தில் காந்தத்தை நேராக ஒட்டவைத்து, நேர்க்குத்தாகப் பிடுங்கி அளந்த எண். 20 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வில்லை அந்த நிலையில் ஏறத்தாழ 6 கிலோ தாங்கும். அதையே செங்குத்தான பீரோக் கதவில் ஒட்டிப் பொருளைத் தொங்கவிட்டால், உராய்வு மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. மிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கும். பீரோ, குளிர்பதனப்பெட்டி ஆகியவற்றின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் அதுவும் காந்தத்தின் முழு வலிமையை ஏற்காது. அங்கே விலையுயர்ந்த காந்தம் வாங்குவது வீண். ரப்பர் உறை போட்ட காந்தம் வாங்கினால் உராய்வு கூடி, வழுக்குவது குறையும். எவர்சில்வர் கதவானால் ஒரு சாதாரணக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகவும். எவர்சில்வரில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு.

இடைவெளிதான் பலரை ஏமாற்றுவது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடியின் உள்ளே ஒரு காந்தத்தையும் பையின் முகப்பில் ஓர் இரும்பு வில்லையையும் மறைத்துத் தைக்கும்போது, இரண்டு பக்கத் தோலும் உள்பக்க அஸ்தர் துணியும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் எளிதாக வந்துவிடுகிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய வில்லை அந்தத் தொலைவில் தன் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே காட்டலாம். இதற்கு மருந்து என்52 அன்று: இரும்பு வில்லைக்குப் பதில் இரண்டாவது காந்தம் வைப்பதும், விட்டத்தைக் கூட்டுவதும்தான். விட்டம் பெரிதாக இருந்தால் காந்தத்தின் எட்டும் தூரமும் கூடும். பைகளுக்கென்றே பிவிசி உறையில் அடைத்து, ஓரத்தில் தையல் போட இடம் விட்ட காந்தங்கள் கிடைக்கின்றன. அவற்றை மற்றத் தையலெல்லாம் முடிந்தபின் கடைசியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் மெஷினின் இரும்புப் படுகையும் ஊசியும் காந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். தைப்பதற்குமுன் காந்தங்களை ஒரே அடுக்காகச் சேர்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாக வழித்தெடுத்து, எடுத்த ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடவும். பை மூடியிருக்கும் நிலையில் மூடியின் புள்ளி வெளியே பார்த்தால் முகப்பின் புள்ளியும் வெளியே பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்த பை, மூடப்போகும்போதெல்லாம் மூடியைத் தள்ளிவிடும். பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பத்துக்கு இவை அஞ்சுபவை. எண்ணுக்குப் பின் எழுத்தில்லாத சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறது. ஆறியபின்னும் அது திரும்பி வராது. எம் என்ற எழுத்து இருந்தால் 100 டிகிரி வரையும், எச் இருந்தால் 120 வரையும், எஸ்எச் இருந்தால் 150 வரையும் தாங்கும். அடுப்புக்குப் பக்கத்திலோ மோட்டாருக்குள்ளோ வைப்பதென்றால் இந்த எழுத்தைக் கேட்டு வாங்கவும், அல்லது விலை குறைந்த கறுப்பு ஃபெரைட் காந்தத்துக்குப் போகவும்.

மும்பைக்காரர்களுக்கு வெப்பத்தைவிடப் பெரிய எதிரி ஈரம். இந்தக் கலவையில் பெரும்பங்கு இரும்பு என்பதால், மேலே பூசிய நிக்கல் எங்கேனும் பெயர்ந்தால், உப்புக் காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையும் உள்ளே புகுந்து, ஓரத்தில் முதலில் சிறு கொப்புளமும் பிறகு பழுப்புப் பொடியுமாக உதிரவைத்துவிடும். கடலைப் பார்த்த ஜன்னலின் கொசுவலைக்கு வெறும் நிக்கல் பூச்சு போதாது. எப்பாக்சி பூச்சு அல்லது முழுவதும் பிளாஸ்டிக்கில் அடைத்தது வாங்கவும்.

துளையிட வேண்டுமே என்று டிரில்லை எடுக்கக் கூடாது. இது பீங்கானைப் போல நொறுங்கும் பொருள். துளையிடும் சூட்டில் வலிமை போகும், பூச்சும் போகும், உதிரும் தூள் தீப்பற்றக்கூடியது. திருகு வைக்கக் குழிவான துளையோடு வரும் வில்லைகள் உண்டு. அவற்றைக் கையால் மெதுவாக முடுக்கவும், பவர் டிரைவர் வைத்தால் விரிசல் விழும். ஒட்டுவதற்கு இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையே நல்லது. நிக்கல் முகத்தின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பூச்சு பெயராத அளவுக்கு நைசான உப்புத்தாளால் ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒட்டவும். பசை இறுகும்வரை மற்றக் காந்தங்களைத் தள்ளி வைக்காவிட்டால் ஒட்டியது தாவிப் போய்விடும்.

ஒட்டிக்கொண்ட இரண்டை நேராகப் பிடுங்காமல், ஒன்றை மர மேசையின் விளிம்புக்கு வெளியே நீட்டி, பக்கவாட்டில் வழுக்கிப் பிரிக்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றைக் கையாளும்போது கண்ணாடி அணிந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்து, ஸ்பேனர், கத்தரி எல்லாவற்றையும் அகற்றிவிடவும். இரண்டும் பாய்ந்து மோதினால் நடுவில் அகப்பட்ட தோல் கன்றிப்போகும். மோதிய முனை சில்லாகச் சிதறிக் கண்ணில் தெறிக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பட்டாணி அளவுக் காந்தமணிகளை வைத்துக்கொள்வதே தவறு என்பது என் கருத்து. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட சுவரை நசுக்கித் துளைத்துவிடும். முதலில் தெரிவது சாதாரண வயிற்று வலியும் வாந்தியும்தான். காசை விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. எத்தனை காணவில்லை என்று எண்ணிக்கொண்டு, குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் மார்புக்கு அருகே வலிய காந்தம் வந்தால் அந்தக் கருவி சோதனை நிலைக்கு மாறி, ஒரே வேகத்தில் துடிப்பைக் கொடுக்கத் தொடங்கும். அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவியானால் அந்த வேலையையே நிறுத்திவிடக்கூடும். காந்தம் உள்ள போன்களை 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தனிக் காந்தங்களுக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. லோக்கல் ரயில் நெரிசலில் எல்லோரும் பையை முன்பக்கம் மாட்டி மார்போடு அணைத்துக்கொள்வதால், பை செய்பவர்கள் காந்தப் பூட்டு வைத்திருப்பதை விலைச்சீட்டிலேயே எழுதிவிடலாம். சிப் உள்ள வங்கி அட்டைக்கும் பென் டிரைவுக்கும் இதனால் கெடுதல் இல்லை. காந்தப்பட்டை மட்டும் உள்ள ஹோட்டல் சாவி அட்டை அழிந்துபோகலாம்.

மிச்சமானவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, இடையிடையே பிளாஸ்டிக் துண்டு வைத்து, பிஸ்கட் டின் போன்ற இரும்பு டப்பாவில் சுவரைத் தொடாதபடி நடுவில் வைத்தால் காந்தப்புலம் வெளியே அதிகம் கசியாது. ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் கூரியர்காரரிடம் உள்ளே காந்தம் என்று சொல்லிவிடவும். பொட்டலத்திலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் உணரக்கூடிய புலம் வரம்பை மீறினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சென்னைக்கோ திருநெல்வேலிக்கோ பெரிய காந்தங்களைத் தரைவழியில் அனுப்புவதே தொல்லையில்லாதது.