"டிஸ்கவுன்ட் போட ஒரு இடம் வேணும்" என்று கடைக்காரர் சொன்னால்

ஹார்டுவேர் கடை முதலாளி, "பில்லுல டிஸ்கவுன்ட் போட ஒரு இடம் வெச்சுக் கொடுங்க தம்பி" என்கிறார். பில் போடும் சாஃப்ட்வேர் எழுதித் தருபவர் நீங்கள் என்றால், அரை நாள் வேலைதானே என்று உடனே புரோகிராம் எழுத உட்காராதீர்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று விதமான பில் ஒளிந்திருக்கிறது.

பெயின்ட் விலை 1,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம், தள்ளுபடி 100 என்று வைத்துக்கொள்வோம். விலையில் கழித்துவிட்டு வரி போட்டால் 900 + 162 = 1,062. வரி போட்ட பிறகு கழித்தால் 1,180 − 100 = 1,080; இதில் வரி 180. வரி சேர்ந்த விலையே 1,180, அதில்தான் 100 குறைக்கிறார் என்றால் வாங்குவது அதே 1,080. ஆனால் வரிக்குரிய மதிப்பு 915.25, வரி 164.75. கல்லாவில் விழும் பணம் ஒன்றுதான், வரியில் 15.25 ரூபாய் வித்தியாசம். விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது என்கிறது மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 15-ஆம் பிரிவு. இரண்டாவது முறையில் எழுதிவிட்டால், அந்த 15.25 ஒவ்வொரு பில்லிலும் கடைக்காரர் கையிலிருந்து போகும்.

"இது வேணுமா?" என்று கேட்டால் "இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும். "கடைசியா யாருக்கு, எவ்வளவு குறைச்சீங்க?" என்று கேட்டு, அந்த பில்லையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து பில் போதும்.

சாயங்காலக் கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் கவுன்டர் பக்கம் நில்லுங்கள். பில் போடுபவர் சதவீதம் பார்க்கிறாரா, இல்லை "1,062-ஐ 1,050 ஆக்கிடு" என்ற குரலைக் கேட்டுக் கடைசித் தொகையை மாற்றுகிறாரா? மாற்றுகிறார் என்றால், அடித்த தொகையிலிருந்து தள்ளுபடியையும் வரியையும் சாஃப்ட்வேரே பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

பெரும்பாலும் விட்டுப்போவது, விற்ற பொருள் திரும்பி வரும் ரிட்டர்ன். வரியை ஒதுக்கிவிட்டே பாருங்கள்: 250 ரூபாய் வீதம் நான்கு பிரஷ், மொத்தத்தில் 100 தள்ளுபடி. ஒன்று திரும்பி வந்தால் 225 கொடுக்க வேண்டும். தள்ளுபடியை பில் மொத்தத்தில் மட்டும் சேமித்திருந்தால் திரையில் 250 என்று வரும். பொருள்வாரியாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், பழைய பில் அத்தனையையும் திருத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக, உண்மையான தொகைகளோடு ஒரு பில்லைத் தாளில் எழுதி முதலாளி, பில் போடுபவர், கணக்குப் பார்ப்பவர் மூவரிடமும் காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். தொகையைப் பார்த்தால்தான் "இது தப்பாச்சே" என்பார்கள். சரியென்றதும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். முதலாளியைக் கேட்காமல் கவுன்டரில் எவ்வளவு வரை குறைக்கலாம் என்ற எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.