கொலோனியா தெல் சாக்ரமெந்தோ: ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

உருகுவே நாட்டின் தென்மேற்கில், ரியோ தெ லா பிளாத்தா ஆற்றங்கரையில் உள்ள கொலோனியா தெல் சாக்ரமெந்தோவுக்குப் பலர் எதிர்க்கரையிலுள்ள அர்ஜென்டினாத் தலைநகர் புவெனஸ் அயர்ஸிலிருந்து காலையில் படகேறி வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பழைய நகரை மட்டும் பார்க்க அது போதும். ஆனால் அந்த மாவட்டத்துத் திராட்சைத் தோட்டங்களையும் பார்க்க விரும்புவோர் ஓர் இரவாவது தங்க வேண்டும்.

விரைவுப் படகில் பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்திலேயே நடப்பதால், அங்கே முன்கூட்டியே போய்விடுவது நல்லது. உருகுவேவுக்கான விசா விதிகளைத் தனியே பார்த்துக்கொள்வதோடு, திரும்பவும் அர்ஜென்டினாவுக்குள் நுழைவதாக இருந்தால், கையிலுள்ள அந்நாட்டு விசா அதற்கு இடமளிக்கிறதா என்பதையும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1680-இல் மானுவல் லோபோ என்ற போர்த்துக்கீசிய ஆளுநர் நிறுவிய இவ்வூர், 1777-இல் ஸ்பெயினிடம் நிலைபெறும்வரை இரு வல்லரசுகளுக்கிடையே பலமுறை கைமாறியது. அந்த வரலாற்றைத் தெருக்களின் தரையிலேயே காணலாம். 'காயே தெ லோஸ் சுஸ்பீரோஸ்' தெருவில் ஒழுங்கற்ற பெருங்கற்கள் இருபுறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிய, மழைநீர் தெருவின் மையத்தில் ஓடும். அது போர்த்துக்கீசியர் முறை. ஸ்பானியர் அமைத்த தெருக்களில் நீர் இரு ஓரங்களிலும் வடியும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் வழிகாட்டி இல்லாமலேயே பாதி ஊரைப் புரிந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. குதிகால் உயர்ந்த காலணி இங்கே உதவாது. சான் பிரான்சிஸ்கோ மடத்தின் இடிபாடுகளுக்கிடையே நிற்கும் கலங்கரை விளக்கத்தில், பகல் பயணிகள் திரும்பிய பிறகு ஏறுவது உத்தமம்.

மறுநாளைத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒதுக்குங்கள். 1854-இல் தொடங்கிய செரோஸ் தெ சான் ஹுவான் என்ற ஒயின் பண்ணை இம்மாவட்டத்தில்தான் உள்ளது. இன்னும் வடமேற்கே போனால் கார்மெலோ ஊரைச் சுற்றிப் பல ஒயின் பண்ணைகள் உண்டு. பெரும்பாலான பண்ணைகள் முன்பதிவை எதிர்பார்க்கின்றன. அறுவடையைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் ஏற்ற மாதங்கள். ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவே இருக்கக் கூடாது என்கிறது உருகுவேச் சட்டம். ஆகவே ஒயினைச் சுவைக்கப்போகிறவர் வண்டியோட்டும் பொறுப்பை ஏற்கக் கூடாது. இந்நாட்டின் அடையாளமான தன்னாத் ஒயின் நாவை இறுக்கும் துவர்ப்புடையது. வெறுமனே குடிப்பதைவிட, பாலாடைக்கட்டியோ கொழுப்புள்ள இறைச்சியோ சேர்த்துச் சுவைத்தால் அந்தத் துவர்ப்பு தணியும்.